ஐந்தாண்டு டைரியும் நகரும் ஓணமும்

பைண்டிங் பிரிந்து, தென்காசியில் தைத்து வாங்கி வந்த கையோடு இதை எழுதுகிறேன். ஆரியங்காவில் கடை வைத்திருக்கும் சிநேகிதர், "அண்ணாச்சி, அந்த அஞ்சு வருஷ டைரியை நம்பி வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து நீண்டுவிட்டது.

அமைப்பு தெரிந்ததுதான். தேதிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு வருஷம். 2022இல் தொடங்கினேன், இப்போது கடைசிக் கட்டம் ஓடுகிறது.

முதலில் பைண்டிங். செங்கோட்டைச் சாரலுக்கு அது தாங்கவில்லை. ஆடி மாசம் தாள் நமுத்துவிடும், மைப்பேனாவில் எழுதினால் பின்பக்கம் வரை ஊறும். பால்பாயிண்ட்தான் சரி. தென்காசி பைண்டர் பாரங்களை, அதாவது மடித்த தாள் கட்டுகளை, பிரித்துத் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, காலிகோ துணி ஒட்டிக் கொடுத்தார். மயில்துத்தம் இருந்தால் பூச்சி அண்டாதாம். கம்பெனி போட்டதைவிட இது உறுதி, விலையும் சல்லிசு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் போன வருஷம் இதே தேதியில் எழுதியது கண்ணில் படாமல் தப்பாது. இதுதான் இந்த டைரியின் அழகு. அண்ணன் போனை எடுக்கவில்லை என்று மூன்று கட்டத்தில் வரிசையாக எழுதியிருந்ததைப் பார்த்துத்தான், நாமே நேரில் போனால் என்ன என்று தோன்றியது. போனேன். அதற்காக இந்த டைரிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் எனக்குத் தொழில் பாவூர்சத்திரத்தில் காய்கறி. சரக்கு புளியரை வழியாகக் கேரளத்துப் புனலூருக்குப் போகிறது. என் வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை, ஓணத்தில்தான் தொடங்கி ஓணத்தில் முடிகிறது. அந்த ஓணமோ ஒரு தேதியில் நிற்பதில்லை. திருவோணம் 2022இல் செப்டம்பர் 8, 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5.

செப்டம்பர் 5 பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2022: "லாரி லேட். டிரைவரைக் கண்டபடி பேசிவிட்டேன். இனி கடனுக்குச் சரக்கு இல்லை." ஓணத்துக்கு மூன்று நாள் முன்பு எழுதியது. 2023: "மத்தியானம் நல்ல தூக்கம். சாயங்காலம் குற்றாலம்." ஓணம் முடிந்து ஒரு வாரம். இரண்டையும் படித்த வீட்டுக்காரி, "பரவால்லையே, ஒரே வருஷத்துல கோபம் எல்லாம் போயிருச்சு" என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். 2024இல் அதே தேதிக்கு மறுநாள் அத்தம், அதாவது ஓணக் கொண்டாட்டம் தொடங்குகிற நாள்; ஓணச் சந்தை சூடுபிடிக்கிற நேரம். கட்டம் முழுக்கத் திட்டு. 2025இல் திருவோணமே அன்றைக்குத்தான், ஆளில்லாத சந்தையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், மறுபடி சாந்த சொரூபி!

சாந்தமெல்லாம் காலண்டர் கொடுத்தது. மனசு வளர்ந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், அத்தத்தை அத்தத்தோடு, தீபாவளிக்கு முந்தின நாளை முந்தின நாளோடு பார்க்க வேண்டும். இந்த டைரியோ பிரசவ நாளையும் பிக்னிக் நாளையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. சாரல்கூடத் தேதி பார்த்து வருவதில்லை. கேரளத்தில் பருவமழை 2023இல் ஜூன் 8இல் தொடங்கியது, 2025இல் மே 24இலேயே வந்துவிட்டது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது, எனக்கு நாலு வருஷமாக உறுத்துகிறது.

இப்போது கட்டத்தின் மூலையில் "அத்தம்", "ஓணம் - 3" என்று சின்னதாகக் குறித்துக்கொள்கிறேன். கடைசித் தாளில் அந்தத் தேதிகளுக்கு ஒரு பட்டியலும் உண்டு. பட்டியலைப் பார்த்துப் பக்கம் புரட்டினால்தான் உண்மை தெரிகிறது: கடனுக்குச் சரக்கு இல்லை என்ற சபதம் ஒவ்வோர் அத்தத்திலும் இருக்கிறது. கடன் மட்டும் 2025இல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதுவரைக்கும் நான் வளர்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கட்டத்தின் அளவு. நாலு வரியில் நடந்தது அடங்கும், ஏன் நடந்தது என்பது அடங்காது. 1986இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில் மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், மனதை வாட்டியதைப் பற்றி எழுத வைத்தார்கள். நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் டாக்டரிடம் குறைவாகவே போனார்களாம். 15 நிமிஷம் எழுத இந்தக் கட்டத்தில் இடம் ஏது? புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் வியாபாரிதான். அவரிடம் யாரும் கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்திருந்தால் தூக்கி எறிந்திருப்பார்.

ஆகவே சிநேகிதரே, வாங்காதீர்கள். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும், தேதியை நாமே போட்டுக்கொள்ளலாம். உங்கள் கடைக்கும் ஓணம்தானே பெரிய வியாபாரம். அண்ணன் தம்பிச் சண்டை ஏதும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

2026இல் திருவோணம் ஆகஸ்ட் 26. பட்டியலில் ஏற்றிவிட்டேன்.