அப்பா சட்டைப் பைக்குள் போன மின்சாரம்

கும்பகோணத்தில் புதிது புதிதாக ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2028இல் மகாமகம். அதற்குள் ஊரில் பாதி கண்ணாடி முகப்பாக மாறிவிடும் போலிருக்கிறது. அப்படிப் பளபளத்த ஒன்றில்தான் குடும்பத்தோடு தங்கினோம். திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அது நல்லபடியாக நடந்தது. சாஸ்திரிகள் நேரத்துக்கு வந்தார், வண்டி நேரத்துக்கு வந்தது, சாப்பாட்டைக் குறை சொல்ல அத்தைக்கே எதுவும் கிடைக்கவில்லை. எனவே அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியதெல்லாம் அறைக் கதவுக்கு உள்பக்கம், சுவரில் பதித்திருந்த ஒரு சின்னப் பெட்டியைப் பற்றித்தான்.

முதலில் வரவேற்பு மேசை. என் கையில் இருப்பது ஜெர்மன் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டையும். மேசையில் இருந்த இளைஞர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆதார் கொடுங்கள் சார்” என்றார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பதை விருந்தாளியே ஓட்டலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கு நான் கோபப்படவில்லை. ஜெர்மனியிலும் ஓட்டலுக்குப் போனால் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் அது இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே எனக்கு விலக்குக் கிடைத்த பிறகு, பிறந்த ஊரில் படிவம் நிரப்புகிறேன். போகட்டும்.

இப்போது அந்தப் பெட்டி. கதவைத் திறக்கும் கார்டை அதில் செருகினால்தான் அறையில் விளக்கு எரியும். கார்டை உருவினால் எல்லாம் நின்றுவிடும். வெளிநாடு போனவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஓர் அறைக்கு ஒரே ஒரு கார்டுதான் கொடுத்தார்கள்.

அப்பாவுக்கு விடிகாலை 5 மணிக்குக் காபி வேண்டும். வெளியே போகும்போது கதவைச் சாத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவருடைய ஆயுள் பழக்கம். அந்தக் கார்டுதான் சாவி என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். எடுத்தார், பையில் போட்டார், கதவைச் சாத்தினார், கடைத்தெருவைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா அப்போது குளியலறையில் இருந்தார். தலை நிறையச் சீயக்காய். விளக்கு, காற்றாடி, கீசர் எல்லாம் ஒன்றாக நின்றன. ஜன்னல் இல்லாத அறை. நம் ஊர்க்காரர் அல்லவா, மின்வெட்டு என்றே நினைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஓட்டலில் ஜெனரேட்டர் இல்லாமலா இருக்கும், போடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக நின்றிருக்கிறார். சீயக்காய் கண்ணில் இறங்கிய பிறகுதான் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

பக்கத்து அறையிலிருந்து ஓடினேன். நடைபாதையில் சரவிளக்குகள் கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தன. கதவை உள்ளிருந்து திறக்கலாம்தான். ஆனால் வழவழப்பான தரை, சோப்புத் தண்ணீர், கும்மிருட்டு, அம்மாவுக்கு முழங்கால் வலி. “அசையாமல் நில்லுங்கள் அம்மா” என்று கத்திவிட்டுக் கீழே ஓடினேன். மேசையில் தலை சாய்த்திருந்தவரை எழுப்பினால், எல்லாக் கதவையும் திறக்கும் கார்டு மேனேஜரிடம் இருக்கிறதாம். மேனேஜர் 9 மணிக்கு வருவாராம். போன் போடுங்கள் என்றேன். “தூங்குவார் சார், திட்டுவார்.” சுவரில் ஓர் அறிவிப்பு: எந்தச் சேவைக்கும் இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும். ஆத்திரத்தில் அதையும் செய்தேன். பிறந்தநாள் கேக், சலவை, கூடுதல் தலையணை என்று வரிசையாக வந்தன. இருட்டில் நிற்கும் அம்மாவுக்கு அதில் ஏற்பாடு இல்லை.

முன்பெல்லாம் இதே ஊர் லாட்ஜ்களில் என்ன இருந்தது? மரக்கட்டையில் கோத்த சாவி, மஞ்சள் பல்பு, எந்த நேரத்தில் வந்தாலும் 24 மணி நேரக் கணக்கு. சுடுதண்ணீர் வாளியில் வரும், அதுவும் பாதி வழியில் ஆறிவிடும். மூட்டைப்பூச்சியும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் மாடிப்படிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு ஓர் ஆள் படுத்திருப்பார். கூப்பிட்டால் எழுந்து வருவார். புதிய ஓட்டலில் அந்தப் பெஞ்சை எடுத்துவிட்டு அலங்காரச் செடி வைத்திருக்கிறார்கள், அதுவும் பிளாஸ்டிக்கில்.

காப்பாற்றியது மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பையன். ஒடிசாவிலிருந்து வந்தவன், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினான். விஷயத்தைக் கேட்டவுடன் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினான். மூலைக் கடையில் இரண்டாவது டிகிரி காபியும் கையுமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கையோடு கூட்டிவந்தான். கதவு திறந்தது, விளக்கு எரிந்தது. அம்மாவிடமிருந்து அப்பாவுக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது. எண்பது வயது நிறைந்து, ஆயிரம் பிறை கண்டவருக்குரிய மரியாதை அதில் துளியும் இல்லை.

பிறகு அந்தப் பையன் செய்ததுதான் அழகு. தன் சட்டைப் பையிலிருந்து ஏதோ பழைய அடையாள அட்டையை எடுத்துச் சுவர்ப் பெட்டியில் செருகினான். “எந்தக் கார்டு வைத்தாலும் எரியும் சார்.” விலை கூடிய பெட்டிகள் கார்டில் உள்ள சிப்பைப் படித்துப் பார்க்கும். மலிவானவற்றுக்கு உள்ளே ஒரு ஸ்விட்ச் அமுங்கினால் போதும். சோதித்துப் பார்த்தேன், என்னுடைய ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் எரிந்தது. மாதாமாதம் சம்பளத்தில் அவ்வளவு பிடித்துக்கொள்கிற அட்டை, வேண்டிய நாளுக்கு டாக்டரைப் பார்க்க உதவியதில்லை. கும்பகோணத்தில் கீசர் போட உதவியது.

9 மணிக்கு மேனேஜர் வந்தார். பெட்டியில் அந்நிய அட்டையைப் பார்த்ததும் பிடுங்கினார். மின்சாரம் வீணாகுமாம், விதியாம். எங்கள் முன்னாலேயே பையனைத் திட்டினார். அம்மா குறுக்கே புகுந்து, “தம்பியை ஏன் சொல்கிறீர்கள்? விடிகாலையில் நீங்களா வந்தீர்கள்?” என்றார். பதில் இல்லை. இரண்டாவது கார்டு கேட்டேன். ஓர் அறைக்கு ஒன்றுதான் என்றார். அவர் இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுக் கார்டு இருந்ததை நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சிறு ஓட்டல்களில் சிரித்த முகத்தைப் பார்ப்பது அரிது. ஆனால் எத்தனை கார்டு வேண்டும் என்று அவர்களே கேட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதே சமயம், விடிகாலையில் அங்கே மேசையில் ஆளே இருக்க மாட்டார்; கதவில் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருக்கும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் அப்பாவைத் தேடி ஓட யாரும் இல்லை. பெட்டியை அங்கிருந்து வாங்கி வந்தவர்கள் இரண்டாவது கார்டையும் சேர்த்து வாங்கி வந்திருக்கக் கூடாதா?

கிளம்பும்போது பில்லில் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி. எந்தச் சேவைக்கு? வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. 1915க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். எண்ணைச் சொன்னதுமே, மேசையில் இருந்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் வேறு பில் அடித்துக் கொடுத்தார். பழக்கம் போலிருக்கிறது. கூடவே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி இன்னொரு கியூஆர் கோடையும் நீட்டினார்.

அந்தக் கட்டணத் தொகையை அப்பா பையனின் கையில் கொடுத்தார். அவன் பெயரை எழுத ஆசைதான். மேனேஜர் இதைப் படித்துவிட்டால் அவனுக்குத்தான் வம்பு.