ஹாலோ ஃபைபர் கம்ப்ரஸருடன் இரண்டு வருடம்: பிளாஸ்மா அலை படத்தில் விழும் வரை

பிளாஸ்மாவில், அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்த வாயுவில், ஓடும் அலையைப் படம் பிடிக்க, லேசர் துடிப்பின் நேரத்தைச் சுருக்கும் ஹாலோ ஃபைபர் கம்ப்ரஸரோடு (வாயு நிரப்பிய நுண்குழல்) இரண்டு வருடமாக தினமும் வேலை பார்க்கிறேன். லேசர் துடிப்பைச் சுருக்குவதுகூடப் பெரிய வேலை இல்லை, சுருங்கியது விரியாமல் பிளாஸ்மா வரை போய்ச் சேர வேண்டும், அதில்தான் உயிர் போகிறது.

முன்பு 30 ஃபெம்டோசெகண்ட் (விநாடியை 10இன் 15ஆம் அடுக்கால் வகுத்தால் ஒரு ஃபெம்டோசெகண்ட்) துடிப்பையே புரோபாக, அதாவது பிளாஸ்மாவின் நிழலைப் படம் பிடிக்கும் ஒளியாக, வைத்திருந்தோம். அதற்குள் ஒளி 9 மைக்ரான் ஓடிவிடும். எங்கள் வாயு ஜெட்டில் கன சென்டிமீட்டருக்கு 10இன் 19ஆம் அடுக்கு எலக்ட்ரான்கள்; அந்த அடர்த்தியில் பிளாஸ்மா அலையின் நீளமே 10 மைக்ரான் சொச்சம், அதுவும் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடுகிறது. அப்புறம் படத்தில் என்ன தெரியும்? சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், அவ்வளவுதான்.

கம்ப்ரஸரின் ஃபைபர் 1 மீட்டர் நீளம், 250 மைக்ரான் துளை, உள்ளே நியான். வாயுவுக்குள் துடிப்பின் நிறமாலை அகலமாகிறது, வெளியே வந்ததும் சிர்ப் மிரர்கள் முன்பின்னாக வரும் நிறங்களை ஒன்றுசேர்க்க, 6 ஃபெம்டோசெகண்ட் கிடைக்கிறது. முதல் சில மாதங்கள் பீம் நகர்வதோடுதான் போராட்டம். காலையில் நேராக வைத்தது மதியத்துக்குள் விலகி, ஒருநாள் ஃபைபரின் வாயையே கருக்கிவிட்டது. விளிம்பில் பிறை மாதிரி ஒரு கறை, உள்ளே போகும் ஒளியும் குறைந்துபோனது. கேமராவும் மோட்டார் மிரரும் வைத்து பீமைத் தானாகத் திருத்தும் ஏற்பாடு செய்த பிறகுதான் நிம்மதி. இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அப்படியும் படம் தெளியவில்லை. மேசையில் அளந்தால் 6, படத்தில் பழைய தீற்றல்! கடைசியில் பார்த்தால், அளக்கும் இடத்துக்குப் பிறகு ஒளியைப் பிரிக்கும் ஒரு பீம் ஸ்ப்ளிட்டரும் வெற்றிட அறையின் ஜன்னலும் இருந்தன. வெறும் 1 மி.மீ. சிலிக்கா கண்ணாடி போதும், நிறங்கள் மறுபடி முன்பின்னாகி 6 ஃபெம்டோசெகண்ட் துடிப்பு கிட்டத்தட்ட 18 ஃபெம்டோசெகண்டாக விரிந்துவிடும். 30 இருந்தால் அசையவே அசையாது, அதனால்தான் முன்பு இது எங்கள் கண்ணில் படவில்லை. ஜன்னலை மெல்லியதாக்கி, மீதியை ஆப்பு வடிவக் கண்ணாடிகளான வெட்ஜ்களை நகர்த்திச் சரிக்கட்டி, பிளாஸ்மா இருக்கும் இடத்திலேயே அளந்தோம். பிளாஸ்மாவைத் தாண்டிய பிறகு வரும் கண்ணாடியால் நேரத் துல்லியம் கெடாது, நிழல் அதற்குள் பதிந்துவிடுகிறது. நிறப்பிழை (நிறத்துக்கு நிறம் குவியும் இடம் மாறுவது) மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், அகல நிறமாலைக்குச் சாதாரண லென்ஸ் ஆகாது.

அன்று மாலை திரையில் கருப்பும் வெளுப்புமாக வரி வரியாக அலை நின்றது. ஓடுகிற அலை! எழுந்து பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டேன்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. நானோசெகண்ட் லேசரில் விரியும் பிளாஸ்மா விநாடிக்கு 100 கி.மீ. போனாலும் 1 பிகோசெகண்டில் (1000 ஃபெம்டோசெகண்ட்) 0.1 மைக்ரான்தான் நகரும். அந்த வேலைக்கு இருக்கிற 30 ஃபெம்டோசெகண்டே தாராளம்.