எரிசக்தி எம்பிஏவா, ஃபைனான்ஸ் எம்பிஏவா?

சோலார், காற்றாலை நிறுவனங்களில் வேலைக்குப் போக நினைக்கும் பி.காம், பிபிஏ மாணவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மின்துறைக்கென்றே நடத்தப்படும் எம்பிஏ. ஃபரிதாபாத்தில் மத்திய மின் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய மின் பயிற்சி நிறுவனமான என்பிடிஐ, டேராடூனில் யுபிஇஎஸ் பல்கலைக்கழகம், இந்த வகை. டெல்லியில் எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியின் பல்கலைக்கழகம் நடத்தும் நிலைத்தன்மை மேலாண்மைப் படிப்பையும் இதோடு சேர்க்கலாம். இன்னொன்று, உள்ளூரிலேயே நல்ல கல்லூரியாகப் பார்த்து ஃபைனான்ஸில் எம்பிஏ முடித்துவிட்டு, துறையை வேலையோடு கற்றுக்கொள்வது. நான் இரண்டாவது வழியில் வந்தவன். கோவையில் படித்தேன். இப்போது மில்களுக்கு, அவர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொள்ளும் குரூப் கேப்டிவ் முறையில் மின்சாரம் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். ஆகவே என் கட்சி எது என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

கட்டணம், ஹாஸ்டல், ஊரைவிட்டுப் போவது, இந்தி தெரியாமல் சமாளிப்பது இதையெல்லாம் நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆன்லைன் சான்றிதழ் வகுப்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ரெஸ்யூமில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். சூர்யமித்ரா பயிற்சி, பேனல் பொருத்தும் டெக்னீஷியன்களுக்கானது. எம்பிஏ மாணவர் அதில் சேர்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

எரிசக்தி எம்பிஏவின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 ஆகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு மின்சாரம் அனுப்புவோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்னதற்கும் அனுப்பியதற்கும் வித்தியாசம் வந்தால் அபராதம் என்பதெல்லாம் அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்கு அது புரிபடவே ஒரு காற்று சீசன் ஆனது. மின்சாரச் சந்தை, ஒழுங்குமுறை ஆணையம், ஆலோசனை நிறுவனம் என்று எங்கே போனாலும் அவர்களுக்கு ஒரு சீனியர் இருக்கிறார். இந்தத் தொடர்பு சாதாரண விஷயமில்லை.

ஆனாலும் நான் ஃபைனான்ஸ் பக்கம் நிற்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. இந்தத் துறையில் விதி மாறினால் வேலையும் மாறும். அப்படி மாறும் நாளில் உங்கள் பட்டம் வேறு எங்கே செல்லுபடியாகும் என்பதுதான் கேள்வி.

நடந்ததையே பாருங்கள். கோவை, திருப்பூர் மில் முதலாளிகள் ஒரு காலத்தில் காற்றாலை வாங்கியதற்கு, முதல் வருடத்திலேயே 80 சதவீதம் தேய்மானம் காட்டி வரியைக் குறைக்கலாம் என்பது பெரிய காரணம். 2012 மார்ச்சோடு அந்தச் சலுகை நின்றது. உற்பத்திக்கான ஊக்கத்தொகையும் அப்போதே நின்றது. முந்தைய ஆண்டு நாடு முழுக்க 3,200 மெகாவாட் அளவுக்குக் காற்றாலை நிறுவியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அது 1,700 மெகாவாட் பக்கம் வந்துவிட்டது. 2014-ல் தேய்மானச் சலுகை திரும்பி வந்தது, சந்தையும் எழுந்தது. 2017 பிப்ரவரியில், குறைந்த விலை கேட்பவருக்கே திட்டம் என்ற முறையில் முதல் காற்றாலை ஏலம். தமிழ்நாட்டில் நான்கு ரூபாய்க்கு மேல் இருந்த யூனிட் விலை ஏலத்தில் 3.46-க்குப் போனது, அந்த வருடக் கடைசியிலேயே குஜராத்தில் 2.43. நிறுவும் அளவு 5,500 மெகாவாட்டிலிருந்து ஒரே ஆண்டில் 1,800-க்குக் கீழே விழுந்தது. மில் மில்லாக ஏறி ஒன்றிரண்டு காற்றாலை விற்றுக்கொண்டிருந்த பெரிய விற்பனைக் குழுக்களுக்கு அதன்பிறகு அங்கே வேலையில்லை. எனக்கு சீனியர்களாக இருந்தவர்களில் ஃபைனான்ஸ் படித்த ஒருவர் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போனார், இன்னொருவர் வங்கியின் திட்டக் கடன் பிரிவுக்குப் போனார். பவர் மேனேஜ்மெண்ட் என்று பட்டம் வைத்திருந்தவருக்குத் திறமை குறைவில்லை. ஆனால் பின்னலாடை நிறுவனத்தின் எச்.ஆர் அந்தப் பட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘இவருக்கு இங்கே என்ன வேலை’ என்றுதான் யோசிப்பார்.

இப்போதும் அதே கதைதான். மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் அனுப்புவதற்கான கட்டண விலக்கு 2025 ஜூன் 30 வரை இயங்கத் தொடங்கிய திட்டங்களுக்கே முழுதாகக் கிடைக்கும். அதன்பின் வருடா வருடம் குறையும். 2024-ல் தமிழ்நாட்டின் மின் கழகமான டான்ஜெட்கோவே பிரிந்து, பசுமை எரிசக்திக்குத் தனிக் கழகம் வந்துவிட்டது. முதல் செமஸ்டரில் படித்த பாடம் நான்காவது செமஸ்டரில் பழசாகிவிடும். முதலீடு வருடத்துக்கு எத்தனை சதவீதம் திருப்பித் தருகிறது என்று சொல்லும் ஐஆர்ஆர் கணக்கும், கடனைத் திருப்பிக் கட்டும் திறனைக் காட்டும் டிஎஸ்சிஆர் கணக்கும் அப்படிப் பழசாவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சோலாருக்கும் காற்றாலைக்கும் நிலக்கரி வாங்க வேண்டாம். சூரியன் பில் அனுப்புவதில்லை, பேங்க்தான் அனுப்புகிறது. திட்டச் செலவில் முக்கால் பங்குவரை கடன். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் யூனிட் விலை மாறிவிடும். ஆகவே இந்தத் தொழிலின் நடு அறையில் உட்கார்ந்திருப்பவர் ஃபைனான்ஸ்காரர்.

சரி, ஃபைனான்ஸ் எம்பிஏவில் இல்லாதது என்ன? கரண்ட் பில். வகுப்பில் யாரும் தொழிற்சாலைகளுக்கு வரும் ஒரு எச்.டி (உயர் அழுத்த மின்சார) பில்லைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. அதற்கு என் யோசனை, கோடைக்கால இன்டர்ன்ஷிப்பை சோலார் கம்பெனியில் தேடாமல் ஒரு ஸ்பின்னிங் மில்லில் தேடுங்கள். எனக்கு அப்படி அமைந்தது. அங்கே எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் பில்லை மேசையில் விரித்து, “தம்பி, மொத்தத்தைப் பாத்து என்னத்தைக் கண்டீங்க? பீக் அவர்ல எத்தனை யூனிட் ஓடுச்சுன்னு பாருங்க” என்றார். பீக் என்றால் மின்தேவை உச்சத்தில் இருக்கும் காலை, மாலை நேரம். அந்த நேர யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். மாலை பீக்கில் சூரியன் இல்லை. பகலில் வந்த சோலார் யூனிட்டை அந்த நேரத்துக் கணக்கில் கழிக்கவும் விடமாட்டார்கள். எத்தனை யூனிட் ஓடியது என்று பார்க்காமல், மில்லின் உச்சத் தேவைக்குக் கேவிஏ கணக்கில் வரும் டிமாண்ட் சார்ஜும் சோலாரால் குறைவதில்லை. ‘பாதி பில் மிச்சம்’ என்று சொல்லிக்கொண்டு வரும் விற்பனைப் பிரதிநிதியிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்த ஒரு தாளில் இருக்கிறது.

அடுத்து குரூப் கேப்டிவ். 2005 மின்சார விதிகளின்படி, மின்சாரத்தைப் பயன்படுத்தும் மில்கள் சேர்ந்து நிறுவனத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். வருட உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். அதுவும் பங்கு விகிதப்படி, பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 26-ல் பாதியான 13 சதவீதம் வைத்திருக்கும் மில், உற்பத்தியில் 25.5 சதவீதத்தை ஒட்டி எடுக்க வேண்டும். நூல் விற்காமல் அந்த மில் இரண்டு ஷிஃப்டை நிறுத்திவிட்டது என்று வையுங்கள். மார்ச் 31-ல் கணக்கு இடித்தால் கேப்டிவ் தகுதியே போய், கேப்டிவ் என்பதால் கட்டாமல் இருந்த கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் தலையில் விழும். பிப்ரவரி முழுக்க எங்கள் எக்செல் ஷீட்டில் ஓடுவது இதுதான். பி.காமில் பங்குக் கணக்கு ஒழுங்காகப் படித்தவருக்கு இது பத்து நாளில் பிடிபடும். கூடவே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் காற்றாலை, சோலார் ஆணைகளை இணையத்தில் எடுத்து அடிக்கோடிட்டுப் படித்தால், நேர்காணலில் பாதிப் பேரைத் தாண்டிவிடலாம்.

நான் சொல்வது மின்சாரத்தை உற்பத்தி செய்து தொழிற்சாலைக்கு விற்கும் பக்கத்துக்குத்தான் பொருந்தும். பசுமை ஹைட்ரஜன், கார்பன் சந்தை பக்கம் நான் வேலை பார்த்ததில்லை. செபி முதல் 1,000 பட்டியல் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய பிஆர்எஸ்ஆர் (சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு) அறிக்கை வேலைக்கு டெரி மாதிரியான படிப்பு கூடுதலாக உதவலாம். அந்த வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார்.

இ.இ.இ (மின் பொறியியல்) முடித்துவிட்டு மின்சார வர்த்தகத்துக்கோ, ஒழுங்குமுறை ஆலோசனைக்கோ போக உறுதியாக இருப்பவர் யோசிக்காமல் எரிசக்தி எம்பிஏவுக்குப் போகலாம். பி.காம்காரர் போவதாக இருந்தால், கல்லூரி தரும் பிளேஸ்மெண்ட் பட்டியலில் சம்பளத்தைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இதில் எத்தனை பேர் இன்ஜினியரிங் படிக்காமல் வந்தவர்கள், அவர்களுக்கு எந்தப் பிரிவில் வேலை கிடைத்தது? பெயரில்லாத சராசரிக் கணக்கைக் காட்டினால், அந்தக் கல்லூரியில் படித்த இரண்டு பி.காம் சீனியர்களிடம் போனில் பேசிவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.