எட்டு வருடம் கழித்து எங்கள் மாடுலர் கிச்சன்: எது நின்றது, எது உப்பியது

கிச்சன் போடப் போகிறோம் என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த பேச்சு அநேகமாக நிறத்தைப் பற்றித்தான் இருக்கும். அக்ரிலிக்கா, லேமினேட்டா, பளபளப்பா, மேட் ஃபினிஷா, கைப்பிடி வேண்டுமா வேண்டாமா. மடிப்பாக்கத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்கு 2017-இல் கிச்சன் போட்டோம். அன்றிலிருந்து தினமும் மூன்று வேளையும் புழங்குகிறோம். ஷட்டரால், அதாவது கதவுப் பலகையால், இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் ஷட்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில்தான், அதுவும் தண்ணீர் பட்ட இடங்களில்.

நம் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள். தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். சிங்க் அடியில் வேஸ்ட் பைப் என்றாவது ஒருநாள் சொட்டத்தான் போகிறது. பாத்திரத்தை ஈரத்தோடு கவிழ்க்கிறோம். இட்லிப் பானையும் குக்கரும் விடுகிற ஆவி நேராக மேல் கப்போர்டின் அடிப்பலகையில் போய் மோதுகிறது. கடையில் பார்க்கும் மாடல் கிச்சனில் இது எதுவுமே கிடையாது. அங்கே குழாயில் தண்ணீர்கூட வராது.

எங்கள் கிச்சனில் கீழ்ப் பெட்டிகள் எல்லாம் 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 தரம் (தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்). மேல் பெட்டிகள் ப்ரீ-லாம், அதாவது மேலே தாள் ஒட்டியே வரும், பார்ட்டிகிள் போர்டு. செலவைக் குறைக்கத் தெரிந்தேதான் இப்படிப் பிரித்தோம். மேலே தண்ணீர் வராது, வைக்கும் சாமானின் கனமும் குறைவு என்பது கணக்கு. எட்டு வருடத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது. மளிகை டப்பாக்கள் இருக்கிற மேல் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற ஒன்று மட்டும் அடிவிளிம்பில் உப்பி, வெள்ளைத் தாள் பிரிந்து, உள்ளே மரத்தூள் தெரிகிறது. சிம்னி இருந்தும் இப்படி. அந்த ஒரு பெட்டியையும் பிளைவுட்டில் போட்டிருந்தால் கூடுதல் செலவு சொற்பம்தான்.

பலகை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏமாற்று நடப்பது இங்கேதான். பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்தது. எம்.டி.எஃப். அதைவிட மெல்லிய நாரில் செய்தது. இரண்டும் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. பிளைவுட்டில் மெல்லிய மரத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுகின்றன. அது தண்ணீரைத் தாங்குமா என்பது பெரும்பாலும் நடுவில் இருக்கும் பசையைப் பொறுத்தது. எம்.ஆர். தரத்தில் யூரியா பசை. ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710-இல் ஃபீனால் பசை. அந்தத் தர விதிப்படி மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது. ஐ.எஸ். 303 என்ற இன்னொரு தர விதியில் வரும் பி.டபிள்யூ.ஆர். வகை இரண்டுக்கும் நடுவில். எச்.டி.எச்.எம்.ஆர். என்று இப்போது எல்லோரும் சொல்வது எம்.டி.எஃப். வகையைச் சேர்ந்ததுதான். அதைவிட அடர்த்தி அதிகம், ஈரத்தையும் நன்றாகவே சமாளிக்கும். ஷட்டருக்கு அருமையான பலகை. சிங்க் பெட்டிக்கு நான் போட மாட்டேன்.

"மேடம், இது வாட்டர்ப்ரூஃப்" என்று சொன்னால் "எந்த ஐ.எஸ். நம்பர்?" என்று கேளுங்கள். நம்பர் வராவிட்டால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம். முழுப் பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். ஆனால் அறுத்து, மைக்கா ஒட்டி, பெட்டியாக வீட்டுக்கு வந்த பிறகு முத்திரையைத் தேடிப் பயனில்லை. எங்கள் வேலை நடந்தபோது அறுக்கும் நாளில் பட்டறைக்கே போய் முத்திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். வரும்போது ஒரு கட் பீஸும் கேட்டு வாங்கி வந்தேன்.

அந்தத் துண்டைப் பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்கவிட்டேன். தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. வீடு முழுக்க ஒரு மரக்கடை வாசனை. மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எடுத்து, ஆறவைத்து, விளிம்பில் கத்தி முனையை விட்டு நெம்பினேன். நார்தான் பிய்ந்து வந்ததே தவிர, தகடு தகடாகக் கழன்று வரவில்லை. இவ்வளவு மெனக்கெட முடியாவிட்டால் அதே துண்டின் விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அடுக்குகள் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் எறும்பு போகிற அளவுக்குச் சந்து இருக்கிறதா, சந்தை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். சந்து இருக்கிற இடத்தில் ஹிஞ்ச் ஸ்குரூ விழுந்தால் பிடிமானம் இருக்காது. பலகையின் முகத்தில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடம் வரும்போது ஓசை மாறும்.

நாங்கள் கேட்காமலே ஒரு பெரிய சோதனை 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, பெட்டிக்கு அடியில் தரையோரம் இருக்கும் ஸ்கர்ட்டிங் பலகையைத் தாண்டி, கீழ் டிராயரில் பாதி வரை ஏறி நின்றது. வடிந்த பிறகு எல்லா ஷட்டரையும் கழற்றி, டிராயர்களை மொட்டை மாடியில் காயப் போட்டு, பெட்டிகளை மின்விசிறி வைத்து உலர்த்தினோம். பிளைவுட் பெட்டிகள் நின்றன. எட்ஜ் பீடிங், அதாவது பலகையின் விளிம்பை மூடும் பட்டை, ஏற்கெனவே கொஞ்சம் கிளம்பியிருந்த இடங்களில் மட்டும் அடிவிளிம்பு கறுத்துப்போனது. ஆனால் பெட்டிகளின் முதுகுப் பலகை அத்தனையும் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் 6 மி.மீ. எம்.டி.எஃப். கொட்டேஷனில் "கார்கஸ் 18 மி.மீ. பி.டபிள்யூ.பி." என்று கொட்டை எழுத்தில் இருந்தது; கார்கஸ் என்றால் பெட்டி, பி.டபிள்யூ.பி. என்றால் அதே ஐ.எஸ். 710 வகை. முதுகைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதுதான் போடுறோம் மேடம்" என்றார். முதுகுப் பலகை என்ன பலகை, எத்தனை மி.மீ., பெட்டியில் காடி எடுத்து அதற்குள் செருகியதா, பின்னாலிருந்து வெறும் ஆணி அடித்ததா என்பதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் முழுக்கப் பார்ட்டிகிள் போர்டு. அங்கே பக்கப் பலகைகள் அடியில் விரிந்து, ஸ்குரூ பிடி விட்டு, மேலே இருந்த கிரானைட் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. 18 மி.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ வரும். அதற்கு மேல் கிரைண்டர், அடுப்பு, தண்ணீர்க் குடம். மேடை பெட்டிகளின் மேல் உட்காரப் போகிறதா, செங்கல் சுவரோ கடப்பா கல்லோ தாங்கப் போகிறதா என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். கல் தாங்கும் மேடை என்றால் பெட்டி கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பெரிய விபரீதம் இல்லை. பெட்டிதான் தாங்கும் என்றால் பலகையில் சமரசமே கூடாது.

அடுத்தது விளிம்பு. ஷோரூமில் நான் முதலில் பார்ப்பது ஷட்டரின் அடிவிளிம்பு. அதைக் குனியாமல் பார்க்க முடியாது, அதனால்தான் அங்கே சுத்தம் குறைவு. போனில் டார்ச் போட்டு, மண்டியிட்டு, நகத்தால் பீடிங் ஓரமாக வருடிப் பாருங்கள். மெஷினில் ஒட்டியது என்றால் நகம் எங்கும் சிக்காது, பசை பிதுங்கியிருக்காது. ஷட்டருக்கு 2 மி.மீ. பி.வி.சி. பீடிங், பெட்டிக்கு 0.8 மி.மீ. இருந்தால் போதும். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்பிலும் பீடிங் ஓடுகிறதா என்று தடவுங்கள். பலர் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். சிங்க் பைப்புக்கு வெட்டும் ஓட்டையின் வாய் எதுவும் மூடாத வெறும் பலகையாகத்தான் இருக்கும். ஃபிட்டிங் செய்ய வந்த தம்பியிடம் அங்கே சிலிக்கான் அடிக்கச் சொன்னேன். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கக்கா" என்றார், ஆனாலும் அடித்துக் கொடுத்தார். இன்றுவரை அந்த ஓட்டை உப்பவில்லை.

ஷட்டரில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உள்பக்கமும் மைக்கா ஒட்டியிருக்க வேண்டும். வெளியே மட்டும் ஒட்டி உள்ளே பெயின்ட் அடித்தால் நாளடைவில் வில் மாதிரி வளையும். உயரமான ஷட்டரின் ஓரத்தில் கண்ணை வைத்து நேராகப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

ஹிஞ்ச் விஷயத்தில் கொட்டேஷனில் ஹெட்டிச், ஹேஃபெலே, எப்கோ என்று எது எழுதியிருந்தாலும், ஃபிட்டிங் அன்று ஹிஞ்ச் கையில் அந்தப் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் தலா ஒரு ஷட்டரைத் திறந்து, நுனியைப் பிடித்து லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள். ஹிஞ்ச் ஆடினால் சரிசெய்து கொள்ளலாம், ஸ்குரூ ஆடினால் பலகை சரியில்லை. பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை ஸ்குரூ ஓட்டை தேய்ந்துவிட்டால், தீக்குச்சியில் ஃபெவிகால் தடவிச் சொருகி மறுபடி முடுக்குவதுதான் நம் ஆசாரிகளின் வைத்தியம். சில மாதம் தாங்கும். எங்கள் ஹிஞ்ச்களில் துருப்பிடித்தது சிங்க் அடியில் இருப்பவை மட்டும். அங்கேதான் ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் பவுடரும் இருந்தன. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி சும்மா இருக்காது. அவற்றை பாத்ரூமுக்கு மாற்றியாகிவிட்டது.

தட்டுக் கூடையில் எளிதில் துருப்பிடிக்காத 304 தரம் என்று சொல்லி மலிவான 202 தர எவர்சில்வரைத் தள்ளிவிடுவது சகஜம். காந்தம் வைத்துப் பார்ப்பதால் இது தெரியாது, இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. இதற்கென்று ஒரு சோதனைத் திரவம் விற்கிறார்கள். கூடையின் கம்பியில் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியால் தொட்டால் 202 என்றால் சில விநாடிகளில் சிவக்கும். கடைக்காரர் முன்னாலேயே செய்யலாம், கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்காதீர்கள். எங்களுடையதில் கம்பி நன்றாகவே இருக்கிறது, வெல்டிங் புள்ளிகளில் மட்டும் பழுப்புக் கறை.

டிராயரை வெறுமனே இழுத்து "அடடா, எவ்வளவு ஸ்மூத்" என்று சொல்லக் கூடாது. முழுக்க இழுத்து, முன் நுனியில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்துங்கள், பக்கவாட்டில் ஆட்டுங்கள். டிராயர் ஓடும் சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். பித்தளை, இரும்புச் சட்டி, எவர்சில்வர் அடுக்கு எல்லாம் 3 அடி அகல டிராயர் ஒன்றில் சேர்ந்தால் 30 கிலோ சேனல் திணறும். எங்கள் அகல டிராயரின் அடிப்பலகை மெல்லியது, நடுவில் தொய்ந்துவிட்டது. குறுகிய டிராயர்கள் புதிது போலவே இருக்கின்றன. மூலைக்கு வாங்கிய சுழலும் கரோசல்? அதன் பின்தட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெட்டி சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க டேப் ஒன்று போதும். முகத்தில் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் சமமாக வர வேண்டும். வராவிட்டால் ஷட்டர்களுக்கு நடுவே சந்து மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருக்கும். ஹிஞ்சைத் திருகி அதை ஓரளவு மறைப்பார்கள், ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

பெட்டி நேராகத் தரையில் உட்காரக் கூடாது. 4 அங்குல பிளாஸ்டிக் கால், முன்னால் கிளிப்பில் மாட்டிய ஸ்கர்ட்டிங், இதுதான் நம் ஊருக்குச் சரி. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பெருக்கலாம், கரப்பானும் கறையானும் வந்தால் தெரியும். சிலிண்டர் பெட்டிக்குள் இருந்தால் அந்த ஷட்டரின் அடியில் காற்றுத் துளை அவசியம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே மட்டும் ஜாலி வைத்துவிட்டு "வென்டிலேஷன் இருக்கு" என்பார்கள்.

வாரண்டியைப் பெரிதாக நம்ப வேண்டாம். எங்கள் தாளில் பத்து வருடம் என்று முதல் வரியில் இருந்தது. தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பொருந்தாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதேபோல "சதுர அடிக்கு இவ்வளவு" என்றால் எதை அளந்து சதுர அடி கணக்குப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒருவர் ஷட்டர் முகத்தை மட்டும் அளப்பார், இன்னொருவர் உள்ளே இருக்கிற தட்டுகளையும் சேர்ப்பார். இரண்டு கொட்டேஷனை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இனி என் முறை வந்தால், வெள்ளம் வரக்கூடிய தரைத்தள வீட்டில் கீழே முழுக் கிச்சனுக்கும் கடப்பா கல் தடுப்புதான் வைப்பேன், முன்னால் ஷட்டர் மட்டும் மாட்டுவேன். டிராயர் வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் பிளைவுட் பெட்டி. கும்பகோணத்தில் அம்மா வீட்டுக் கடப்பா அலமாரிகளுக்கு நான் பிறந்த காலத்திலிருந்து ஒன்றும் ஆகவில்லை. அளவு சீராக வராது, பார்க்கக் கொஞ்சம் பழசாக இருக்கும், அவ்வளவுதான். மாடி வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. ஐ.எஸ். 710 கீழே, பார்ட்டிகிள் போர்டு மேலே என்ற எங்கள் கலவையே போதும், அடுப்புக்கு மேலே இருக்கிற பெட்டி மட்டும் விதிவிலக்கு.

இந்த வருடம் முதுகுப் பலகைகளை 8 மி.மீ. பிளைவுட்டில் மாற்றியாகிவிட்டது. அடுத்து சிங்க் பெட்டியை மட்டும் டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில் செய்யச் சொல்லியிருக்கிறோம். அது ஸ்குரூவைப் பிளைவுட் அளவுக்குப் பிடிக்காது என்பதால் ஹிஞ்ச் விழும் பக்கப் பலகைக்கு அடர்த்தி அதிகமானதாகப் பார்த்து எடுக்கிறோம். ஷட்டர் பழையதே.