கேட்டில் 'டிக்' சத்தம் மட்டும்தான் வந்தது: ஊரில் வீடியோ டோர் போனைச் சரிசெய்த அனுபவம்

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வீடியோ டோர் போன் வாங்கி மாட்டச் சொல்வது சுலபம். ஆர்டர் போட்டால் பெட்டி போய்விடும், கம்பெனி ஆள் வந்து மாட்டிவிடுவார், "திரையில் முகம் தெரியுது"ன்னு அப்பா ஒரு போட்டோ அனுப்புவார், நாமும் நிம்மதியாகிவிடுவோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. சில மாதம் போனதும் ஒவ்வொரு போனிலும் புகார். மணி அடிக்கிறது, முகம் தெரிகிறது, ஆனால் கேட்டைத் திறக்கிற பட்டனை அமுக்கினால் பூட்டு 'டிக்' என்று மட்டும் சொல்கிறது, திரை இருண்டு, மறுபடி முதலிலிருந்து உயிர்பெற்று வருகிறது. அம்மா கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தே போய்த் திறக்கிறார். ராத்திரியில் படம் வெறும் வெள்ளை. பேசினால் எதிரில் இருப்பவருக்குப் பாதிதான் கேட்கிறது. இந்த முறை விடுமுறைக்குப் போனபோது முதல் வேலையாக இதைக் கையில் எடுத்தேன்.

முதலில் கம்பெனி சர்வீஸ். பெயர் வேண்டாம். புகார் பதிவுசெய்வது வேகமாகத்தான் நடந்தது, ஆனால் ஆள் வருவதற்கு முன்பே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டு, மறுபடி பதிவு. வந்த தம்பி நல்ல பையன்தான். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓ.டி.பி. கேட்டார். வேலை முடிந்தபின் சொல்லவேண்டிய எண் அது, "முடிச்சிட்டுச் சொல்றேன் தம்பி" என்றேன், முகம் சுருங்கியது. பட்டனை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார், பூட்டைத் தட்டினார், "சார், வெளி யூனிட்ல போர்டு போயிடுச்சு, புதுசு மாத்தணும்" என்றார். கையில் மல்டிமீட்டரே இல்லை. அளந்து பார்க்காமல் போர்டு போயிடுச்சு என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை, அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அப்புறம் வந்தவர், ஊரில் பல வருஷமாக வயரிங் வேலை செய்கிற ஒரு அண்ணன். அவர் வெளி யூனிட்டைக் கழற்றி, பின்னால் மின்சாரம் வரும் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் சரியாகக் காட்டியது. "இப்ப உள்ள போய் பட்டன அமுக்குங்க, கைய எடுக்காதீங்க" என்றார். அமுக்கியதும் மீட்டர் ஆறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. வேலையே இல்லாதபோது அளந்தால் எந்த வயரும் நல்ல வயராகத்தான் தெரியும், பூட்டு இழுக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும். ஆறு வோல்ட்டில் பூட்டின் சுருளுக்கு நாக்கை இழுக்கும் பலம் கிடையாது, அதே வயரில் தொங்கிக்கொண்டிருக்கிற கேமராவும் பட்டினியாகி அணைந்து எழுந்திருக்கிறது. போர்டு பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

கணக்கு சின்னதுதான். வீட்டிலிருந்து கேட் வரை வயர் ஓடும் தூரம் ஏறக்குறைய 30 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 60 மீட்டர். அங்கே ஓடியிருந்தது மாதிரியான, இன்டர்நெட்டுக்குப் போடும் லேன் கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய இழைக்கு, சுத்தச் செம்பாக இருந்தாலே, மீட்டருக்கு 0.084 ஓம் அளவில் தடை உண்டு. 60 மீட்டருக்கு 5 ஓம். பூட்டு ஒரு ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும், 12-ல் மிஞ்சுவது 7. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக இருந்தால் அதே தூரத்துக்குத் தடை ஒரு ஓமுக்குக் கொஞ்சம் மேல், இழப்பும் ஒரு வோல்ட் சொச்சம்தான். பட்டனை அமுக்கியதும் படம் போகிறது என்று யாராவது சொன்னால் நான் இனி முதலில் கேட்கப்போவது வயரின் தடிமனும் நீளமும்தான்.

எங்கள் வீட்டில் இன்னொரு கூத்தும் இருந்தது. அண்ணன் வயரின் நுனியை பிளேடால் லேசாகச் சுரண்டினார், செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளத்தது. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயர். விலை மலிவு, எடையும் குறைவு, தடை மட்டும் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். போதாததற்கு திருகு முனையில் இறுக்கிய இடத்தில் நாளாக நாளாக அலுமினியம் தளர்ந்து, மேலே படலம் கட்டி, தொடர்பு இன்னும் மோசமாகும். முதல் சில மாதம் எல்லாம் ஓடி, பிறகு மெல்ல மெல்லக் கெட்டதற்கு இதுதான் காரணம் என்று அவர் சொன்னார், எனக்கும் அதுதான் சரியாகப்படுகிறது. பெட்டியோடு வந்த கேபிள் சின்ன நீளத்துக்கானது, மிச்சத்தை மாட்டவந்தவர் தன் பையில் இருந்த வயரை வைத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். முடிச்சு எங்கே தெரியுமா, மண்ணுக்குள் போகிற பைப்புக்கு நடுவில், இன்சுலேஷன் டேப் சுற்றி. இழுத்து எடுத்தபோது பச்சை பூத்து ஈரமாக வந்தது.

பழைய வயரையே இழுகயிறாகப் பயன்படுத்திப் புது வயரை உள்ளே விடலாம் என்று நினைத்தோம், முடிச்சு இருந்த இடத்தில் அறுந்துவிட்டது. வயர் இழுக்கிற ஸ்பிரிங் விட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது, பாதி நாள் அதிலேயே போனது. அந்த பைப்பில் கேட் விளக்குக்கான 230 வோல்ட் வயரும் கூடவே ஓடியதை அப்போதுதான் பார்த்தோம். பேசும்போது வந்த 'ங்ங்ங்' இரைச்சலுக்கு அது ஒரு காரணம், அதைவிட அது ஆபத்து. உறை எங்காவது தேய்ந்தால் தெருவில் நின்று பெல்லை அமுக்குகிறவர் கைவரைக்கும் வீட்டு மின்சாரம் போகலாம். புதிதாக ஒரு பைப் தனியாக ஓட்டச் சொன்னேன். குரலுக்கும் படத்துக்கும் கவசமுள்ள கேபிள், பூட்டுக்குத் தனி அடாப்டரும் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும். பூட்டுச் சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 4007 டயோடு போட்டார், கோடு போட்ட பக்கம் பிளஸ் வயரில். மின்சாரம் நிற்கும் கணத்தில் சுருள் திருப்பி உதைக்கிற உயர் வோல்ட்டை அது விழுங்கிவிடும், இல்லாவிட்டால் பூட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற சுவிட்சான ரிலேயின் முனை சீக்கிரம் கருகும். நேர்மின்னோட்டப் பூட்டுக்கு மட்டும்தான் இது, ஏ.சி. பூட்டில் போடக் கூடாது.

இதற்கு மேல் அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பூட்டைத் திறக்கிற ரிலே எங்கள் மாடலில் தெருப்பக்கம் இருக்கும் யூனிட்டுக்குள்ளேயே இருந்தது. அதாவது, வெளியே நிற்கிற யாராவது ஒரு ஸ்க்ரூ டிரைவரால் யூனிட்டைக் கழற்றி, பின்னால் இரண்டு வயரைத் தொட்டுக்கொடுத்தால் கேட் திறந்துவிடும். காசு கொடுத்துப் பாதுகாப்பு வாங்கி, திறவுகோலைத் தெருவில் மாட்டிவைத்த கணக்கு. வீட்டுக்குள் இருக்கும் திரையான மானிட்டரின் பின்பக்கம் இரண்டாவது கதவுக்கென்று ஒரு ரிலே முனை சும்மா கிடந்தது, பூட்டு வயரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது வெளி யூனிட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் கேட் திறக்காது. எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்காது, ஆனால் "ரிலே உள்ளே இருக்கா வெளியே இருக்கா" என்று வாங்கும்போதே கேட்கலாமே, யாரும் கேட்பதில்லை.

கரண்டு போனால் என்ன ஆகும் என்பதையும் அவரோடு உட்கார்ந்து பேசினோம். மின்சாரம் வந்தால் திறக்கிற பூட்டு, கரண்டு இல்லாதபோது பூட்டியே இருக்கும். காந்தப் பூட்டு நேர் எதிர், கரண்டு போனால் தானே விட்டுவிடும். எங்களுடையது முதல் வகை, ரிலேயின் என்.ஓ. முனையில், அதாவது பட்டனை அமுக்கும்போது மட்டும் மின்சாரம் விடும் முனையில், இணைக்க வேண்டியது, காந்தப் பூட்டென்றால் அமுக்கும்போது மட்டும் மின்சாரத்தை நிறுத்தும் என்.சி. முனை. வெளிப்பக்கம் சாவி வேலைசெய்கிறதா, உள்ளிருந்து கரண்டே இல்லாமல் கையால் திறக்க முடிகிறதா, இரண்டையும் மெயினை அணைத்துவிட்டு அப்பாவையே செய்துபார்க்க வைத்தேன். அவசரத்தில் வெளியே ஓடவேண்டிய வழி எதுவும் மின்சாரத்தை நம்பி இருக்கக் கூடாது. அடாப்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியாயிற்று.

படக் கோளாறுகள் இதோடு ஒப்பிட்டால் சில்லறை. ராத்திரி வெள்ளை அடித்ததற்குக் காரணம் பக்கத்துத் தூண், கேமராவைச் சுற்றியிருக்கிற அகச்சிவப்பு விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பி லென்ஸிலேயே விழுந்திருக்கிறது. யூனிட்டைத் தூணின் விளிம்புக்குக் கொண்டுவந்து, சாய்வுத் தகடு ஒன்று வைத்துத் தெருப்பக்கம் திருப்பியதும் சரியாயிற்று. லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் முகம் கிடைக்கும், முன்பு தலைமுடிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. மாடி மானிட்டரில் படம் உருண்டுகொண்டே இருந்தது, அது சி.வி.பி.எஸ். என்ற பழைய வீடியோ சிக்னல் வகை, வெளி யூனிட் ஏ.எச்.டி. என்ற புது வகையில் அனுப்பிக்கொண்டிருந்தது. செட்டிங்கில் ஒரு மாற்றம்தான். குரல் பாதி கேட்டதற்கோ, சிரிக்காமல் என்ன செய்ய, சுவருக்குப் பெயின்ட் அடித்தவர் மைக் ஓட்டையையும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார்! ஊசியால் குத்திச் சுத்தம் செய்தோம். சிலிக்கான் பூசும்போது மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டார். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இருக்காது.

இனி, டோர் போனைக் கைப்பேசியில் பார்க்க உதவும் ஆப். இதைப் படிக்கிற வெளிநாட்டுக்காரர்கள் தயவுசெய்து இந்த இடத்தில் நின்று உங்கள் வீட்டுக் கணக்கையும் பாருங்கள். என் போனில் எப்போதும் 'பகிரப்பட்ட சாதனம்' என்றே காட்டியது, செட்டிங்குக்குள் பாதி விஷயம் எனக்குத் திறக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், உரிமையாளர் கணக்கு மாட்டிவிட்டுப் போன ஆளின் கைப்பேசி எண்ணில் இருக்கிறது. கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை, சீக்கிரம் முடித்துக் காட்ட அவரவர் தன் போனிலேயே பதிவுசெய்து, பிறகு வீட்டுக்காரருக்குப் பகிர்ந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதன் அர்த்தம் என்ன? எங்கள் கேட்டுக்கு யார் எப்போது வருகிறார்கள் என்று அவரால் பார்க்க முடியும், அவர் நினைத்தால் திறக்கவும் முடியும். மானிட்டரை ரீசெட் செய்தால் மட்டும் போதவில்லை, உரிமையாளர் தன் கணக்கிலிருந்து நீக்கினால்தான் விடுபடும் என்றது ஆப். அவரைத் தேடிப்பிடித்து, போனில் இருத்தி நீக்கவைத்து, பிறகு அப்பா பெயரில் புதிதாகப் பதிவுசெய்தோம். கூடவே பெட்டியில் வந்த ஆரம்பக் கடவுச்சொல்லையும் மாற்றினோம். ரௌட்டரில் யாரோ திறந்துவைத்திருந்த போர்ட்டையும், அதாவது இன்டர்நெட்டிலிருந்து நேராக உள்ளே வரும் வழியையும், மூடினோம், ஆப்பின் சர்வர் வழியாகவே வேலை நடக்கும்போது அந்த ஓட்டை எதற்கு?

எனக்கு அழைப்பு வராத பிரச்சினைக்கு இரண்டு காரணம். மானிட்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், அது மாட்டியிருந்த சுவரில் அந்தச் சிக்னல் விழுந்து விழுந்து எழுந்தது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வைத்ததும் அந்தத் தொல்லை நின்றது. இரண்டாவது என் போனே, பேட்டரி சேமிப்பில் அந்த ஆப்பைத் தூங்கவைத்திருந்தது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு அந்த அண்ணன் சொன்னதையே சொல்கிறேன். சுவர் பூசுவதற்கு முன்பே கேட்டுக்கு ஒரு தனி பைப், அதில் சுத்தச் செம்பு லேன் கேபிள் இரண்டு, பூட்டுக்குத் தடித்த வயர் ஒன்று. நெட்வொர்க் வகை யூனிட் வாங்கினால் மின்சாரமும் அதே லேன் கேபிளில் 48 வோல்ட் அளவில் போகும், வோல்ட் கூடும்போது ஆம்பியர் குறையும், அதனால் 100 மீட்டர் வரை வழியிழப்பு தொல்லை தராது. பூட்டை மட்டும் அதில் தொங்கவிடாதீர்கள்.

அவர் கிளம்பும் முன் எந்த நிற வயர் எந்த முனைக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். கொஞ்சம் தயங்கி, "எழுதிக் குடுத்தா அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அசலை மானிட்டருக்குப் பின்னாலேயே மடித்து வைத்தாயிற்று. மாடி மானிட்டரில் மட்டும் லேசான இரைச்சல் இன்னும் பாக்கி. கீழிருந்து மாடிக்குப் போகிற துண்டு இன்னும் பழைய வயர்தான், அதை மாற்ற அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பெனியிலிருந்து நேற்றும் ஒரு குறுஞ்செய்தி: புகார் தீர்க்கப்பட்டதாம், மதிப்பெண் கொடுக்க வேண்டுமாம்.