நாலு வருச இடுப்பு வலி, கடைசியா போன ருமட்டாலஜி (மூட்டு, வாத நோய்) ஓபி: 4/5

எனக்கு வயசு 31, விழுப்புரம் பக்கம், டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல நின்னுட்டே பாக்குற வேலை. 27 வயசுல இடுப்புல ஆரம்பிச்ச வலி, புட்டத்துல இறங்கி தொடை பின்பக்கம் வரைக்கும் வரும், ஒரு மாசம் வலது பக்கம்னா அடுத்த மாசம் இடது பக்கம். சென்னைல ஒரு பெரிய அரசாஸ்பத்திரி ருமட்டாலஜி ஓபி பத்திதான் இந்த ரிவ்யூ, ஆனா அதுக்கு முன்னாடி எங்கெல்லாம் சுத்தினேன்னு சொல்லிடுறேன், அப்பதான் ஸ்டார் ஏன் குடுத்தேன்னு புரியும்.

மொதல்ல ஒரு ஆர்த்தோ கிளினிக். எம்ஆர்ஐ எடுத்தாங்க, எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது கீழ் முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற தட்டு பிதுங்கி இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அதோட முடிஞ்சுது, அதுக்கப்புறம் எங்க போனாலும் அந்த ஃபிலிம லைட்டுக்கு நேரா தூக்கி பாத்துட்டு ஒரே வசனம், டிஸ்க்தான் சார், வெயிட் தூக்காதீங்க, பெல்ட் போடுங்க, ரெஸ்ட் எடுங்க. ட்ராக்‌ஷன், கரண்ட் வைக்கிறது, 14 நாள் எண்ணெய் தேச்சு விடுறது எல்லாம் பாத்தாச்சு. நரம்பு வலிக்கு குடுத்த பிரெகாபலின் மாத்திரை போட்டா ஒரே தூக்க கலக்கம், ஸ்ப்ளெண்டருக்கு கேட்ட ஆளுக்கு பல்சர் கிளட்ச் கேபிள எடுத்து குடுத்து ஓனர்கிட்ட வாங்கி கட்டிக்கிட்டேன். குதிகால் வேற வலிக்குதுன்னு சொன்னேன், அதுக்கு தனியா எம்சிஆர்னு மெத்துன்னு இருக்குற ரப்பர் செருப்பு.

இதுல கொடுமை என்னன்னா ரெஸ்ட் எடுத்தாதான் எனக்கு வலியே ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை லீவுன்னு படுத்தே கெடந்தா அன்னைக்கு செத்தேன். ராத்திரி மூணு மணிக்கு வலில முழிப்பு வந்துரும், மொட்டமாடில நாலு ரவுண்டு நடந்தா கொறையும். காலைல எந்திரிச்சா இடுப்பு மரக்கட்டை மாதிரி, ஒரு மணி நேரம் ஆகும் நிமிர. இத நான் சொல்லாமலா இருந்தேன், சொன்னேன், யாரும் காதுல வாங்கல. கடைசியா ஒரு பிசியோ அண்ணன்தான் "நடந்தா கொறையுதுன்னா இது வேற மாதிரி இருக்கு தம்பி, வாத டாக்டர ஒருதடவ பாருங்க"ன்னாரு. வாதம்னா கிழவிங்களுக்கு வர்றதுன்னு நெனச்சு அதுலயும் ஆறு மாசம் போக்கிட்டேன், அது என் தப்பு.

சரி ஓபி. காலைல ஏழரைக்கு சீட்டு போட்டு உக்காந்தேன், கூப்பிட பதினொண்ணு ஆச்சு. பாத்தது பிஜி, அதாவது டாக்டர் மேல்படிப்பு படிக்கிற ஒரு மேடம், என்ன விட சின்ன வயசு. ஃபிலிம் கவர நீட்டுனா "அது இருக்கட்டும் அண்ணா, வலி எப்ப வருது, எப்ப போகுது சொல்லுங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, நாலு வருசத்துல மொத தடவ. அப்புறம் "எப்பவாவது கண்ணு சிவந்து வெளிச்சத்த பாக்க முடியாம இருந்துச்சா"ன்னாங்க. இருந்துச்சு, ரெண்டு வருசம் முன்னாடி, ஒத்த கண்ணு மட்டும், மெட்ராஸ் ஐன்னு கடைல சொட்டு மருந்து வாங்கி ஊத்துனேன். இடுப்புக்கும் கண்ணுக்கும் என்ன சம்மந்தம்னு முழிச்சேன். சம்மந்தம் இருக்காம், குதிகாலுக்கும் இருக்காம், மூணும் ஒரே வியாதி.

அப்புறம் முதுகுல பேனாவால ரெண்டு கோடு, நடுவுல 10 செமீ, குனிய சொல்லி டேப்பு வச்சாங்க. குனிஞ்சா அந்த 10 விரிஞ்சு 15 வரணுமாம், எனக்கு 12 தான். ரத்த டெஸ்ட்ல உடம்புக்குள்ள அழற்சி இருக்கான்னு காட்டுற இஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் ஏறி இருந்துச்சு, இந்த வியாதியோட சம்மந்தப்பட்ட எச்எல்ஏ-பி27ங்கிற ஜீன் டெஸ்ட்டும் பாசிட்டிவ். அது பாசிட்டிவா இருக்குற நெறைய பேருக்கு ஒண்ணுமே வராது, அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுன்னு சீஃப் சொல்லிட்டு, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேர்ற சாக்ரோ இலியாக் மூட்டுக்கு தனியா எம்ஆர்ஐ எழுதுனாரு. பழைய ஸ்கேன்ல அந்த மூட்டே சரியா விழல. புதுசுல ரெண்டு பக்கமும் வீக்கம். பேரு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், முதுகெலும்பு மூட்டுல வர்ற ஒரு வகை வாதம். அப்ப டிஸ்க்குன்னு கேட்டேன், வலியே இல்லாத 20 வயசு பசங்கள ஸ்கேன் பண்ணாலே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் தெரியும்னாரு. எனக்கு பெல்ட்டு வாங்குன காசெல்லாம் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

இப்ப வலிக்கும் வீக்கத்துக்கும் நாப்ராக்சன் மாத்திரை காலைல நைட்டு, கூட வயித்துக்கு ஒரு மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, சிகரெட்ட விட்டே ஆகணும்னு கண்டிஷன். ரெண்டாவது வாரமே ராத்திரி முழிப்பு நின்னுருச்சு. முழுசா போகல, கழுத்து இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு, இது கூடவே வர்ற வியாதிதான், மாத்திரை பத்தலன்னா ஊசி இருக்குன்னு சொல்லியிருக்காங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, எம்ஆர்ஐ தேதி கெடைக்க மூணு வாரம், எந்த கவுண்டருக்கு எந்த சீட்டுன்னு யாரும் ஒழுங்கா சொல்றதில்ல, ரத்தம் குடுக்க ரெண்டு மாடி ஏறி இறங்கணும், இடுப்பு புடிச்சவன ஏத்துறாங்க பாருங்க. பாத்ரூம் பத்தி பேச வேணாம். போறவங்க சாப்பாடு தண்ணி எடுத்துட்டு போங்க, பழைய ஃபிலிம் மட்டும் இல்லாம கண்ணு டாக்டர் சீட்டு எதாவது வீட்ல கெடந்தா அதையும் தேடி எடுத்துட்டு போங்க.