தளி பாலிஹவுஸா, சந்தூர் நர்சரியா, டிப்ளமோவா?

ரிசல்ட் வந்த வாரத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி வீடுகளில் ஓசூர் கம்பெனி வேலை பற்றிப் பேசுவார்கள், நர்சிங் பற்றிப் பேசுவார்கள், போலீஸ் தேர்வு பற்றியும் பேசுவார்கள். தோட்டக்கலைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. செடி கொடியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இங்கேயே மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரியான வழிகள் அல்ல.

ஓசூர், தளி பக்கம் பாலிஹவுஸில், அதாவது பாலித்தீன் கூடாரத்துக்குள், பூ வளர்க்கும் பண்ணைகளில் முறைப்படி அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) சேர்வது முதல் வழி. இது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, மாத உதவித்தொகை உண்டு. 2019-இல் திருத்திய விதிகள் பத்தாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகையை வைத்தன. அதற்கும் கீழே யாராவது பேசினால் அங்கே சேர வேண்டாம்.

அங்கே என்ன கற்றுக்கொள்ளலாம்? ரோஜாவில் மெலிந்த கிளையை வெட்டி எறிவதில்லை, பக்கவாட்டில் வளைத்துவிடுகிறார்கள். வளைந்த கிளையின் இலைகள் உணவு தயாரிக்க, அடியிலிருந்து தடித்த தண்டு கிளம்புகிறது. பூவின் விலையை அந்தத் தண்டின் நீளம்தான் தீர்மானிக்கிறது. சொட்டுநீரில் கலக்கும் உரத்தின் உப்பளவையும் கார அமில நிலையையும் மீட்டரில் பார்ப்பது, இலையின் அடியில் செம்பேன் வந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவது, அறுத்த பூவை உடனே தண்ணீரில் வைத்துக் குளிர் அறைக்குக் கொண்டுபோவது எல்லாம் அங்கே கிடைக்கும் படிப்பு. ஆனால் ஒரு வருடம் முழுக்கப் பூ அறுக்கவும் கட்டுக் கட்டவும் மட்டும் விட்டால் அது பயிற்சியே இல்லை, குறைந்த சம்பளக் கூலி வேலைதான். கையெழுத்துப் போடும் முன் "எந்த மாதம் எந்த வேலை?" என்று கேளுங்கள். எழுதித் தரும் பண்ணையில் தைரியமாகச் சேரலாம்.

இரண்டாவது வழி, போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் இருக்கும் மாங்கன்று நர்சரிகள். இங்கே ஒப்பந்தமும் சான்றிதழும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒட்டுக் கட்டக் கை பழகிவிட்டால் அந்தத் தொழில் எங்கே போனாலும் சோறு போடும். தாய்மரத்தில் தேர்ந்தெடுத்த குச்சியின் இலைகளைச் சில நாள் முன்பே நறுக்கிவிடுவார்கள், நுனி மொட்டு பருக்க வேண்டும் என்பதற்காக. அதன் அடியை ஆப்பு போலச் சீவி, நாட்டுக் கன்றின் தண்டைப் பிளந்து சொருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது சரியாகப் பொருந்த வேண்டும், கத்தி மழுங்கியிருக்கக் கூடாது, வெட்டிய இடம் காயவும் கூடாது. காற்றில் ஈரம் இருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கட்டினால் நன்றாகப் பிடிக்கும். பழகும்போது கட்டிய கன்றுகள் நிறையக் காயும். அதைப் பொறுத்துக்கொள்ளும் முதலாளி கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது வழியான வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருடத் தோட்டக்கலை டிப்ளமோ வேறு கணக்கு. சம்பளம் வராது, கட்டணம்தான் போகும். ஆனால் உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்க அந்தக் காகிதம் வேண்டும், பூச்சிமருந்துக் கடை லைசென்ஸ் வாங்கவும் அது உதவும். அரசு வேலையோ கடையோ நோக்கம் என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். இன்னும் முடிவுக்கு வராதவர்கள் பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களின் குறுகிய காலப் பயிற்சிகளில் உட்கார்ந்து பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், பத்தாவதோடு நிறுத்தியவருக்கு சந்தூர், பிளஸ் டூ முடித்து நிலம் இல்லாதவருக்குப் பூப்பண்ணை அப்ரண்டிஸ். வீட்டில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருந்தால் ஒட்டுக் கட்டப் பழகிய பிறகு டிப்ளமோவுக்குப் போவதே நல்லது, வகுப்பில் சொல்வது அப்போதுதான் கையோடு ஒட்டும்.

இனி பண்ணை வைத்திருப்பவர்களுக்கு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், அதுவும் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 சதவீதமாவது. நான்கு பேர் இருக்கும் நர்சரியும் விரும்பினால் எடுக்கலாம். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதைப் பலர் தப்பாக நினைத்துத் தயங்குகிறார்கள். சும்மா கூலி ஆள் போதும் என்றால் இது உங்களுக்கு வேண்டாம், சந்தையில் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனில் உரத்தொட்டியை நம்பி ஒப்படைக்க ஒருவர் வேண்டும் என்றால் மட்டும் எடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தாவது முடித்து வந்த பதினாறு வயசுப் பையன் தோளில் மருந்து டேங்கை மாட்டாதீர்கள். மூடிய பாலிஹவுஸுக்குள் மருந்துப் புகை சீக்கிரம் கலையாது. பெரியவர்கள் அடித்தாலும் முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது பண்ணையின் செலவு, பையனின் உதவித்தொகையில் பிடிக்க வேண்டியது அல்ல.